நான்கரை இலட்சத்துக்கு ஐந்து மாதம்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

"டொக்டர் ஐயா, என் அம்மாவுக்கு 62 வயது. சீனி வருத்தமும் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் வலது விலாவுக்குக் கீழே கடுமையான வலி வந்தது. ஸ்கான் எடுத்ததில் பித்தப்பையில் கல் என்றார்கள். போன கிழமை மறுபடியும் வலி, நாலைந்து மணி நேரம் துடித்துவிட்டார். அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஒப்பரேஷனுக்கு ஐந்து மாதம் தள்ளித் திகதி தந்திருக்கிறார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் கேட்டால் அடுத்த கிழமையே செய்யலாம், நான்கரை இலட்சம் வரும் என்கிறார்கள். டொரொண்டோவில் இருக்கும் அண்ணா பாதி தருவார். மீதிக்கு என் தாலிக்கொடியை அடகு வைக்க வேண்டும். அதைவிடப் பெரிய தலையிடி எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழு. 'இலவசம் என்பதால்தான் இவ்வளவு வரிசை. அரசாங்க ஆஸ்பத்திரிகளை மூடிவிட்டு எல்லாவற்றையும் போட்டிக்கு விட்டால் விலை தானாக இறங்கும். லேசர் கண் சிகிச்சை எப்படி மலிந்தது?' என்று அண்ணா கேட்கிறார். ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற மாமாவோ, தனியார் ஆஸ்பத்திரியே நாட்டில் இருக்கக்கூடாது என்கிறார். யார் சொல்வது சரி? அம்மாவுக்கு நான் என்ன செய்வது?"

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அம்மா, அப்புறம் அண்ணா.

பித்தப்பையில் கல் இருக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் கத்தி வைக்கத் தேவையில்லை. வேறு எதற்கோ ஸ்கான் எடுக்கப் போய்க் கல் தென்பட்டு, ஒரு நாளும் வலி வராமல் அதோடேயே வாழ்ந்து முடிக்கிறவர்கள் நிறையப் பேர். உங்கள் அம்மா அந்த வகை இல்லை. இரண்டு தடவை வலி வந்துவிட்டது, எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்த கிழமையே எடுக்க வேண்டுமா என்றால், நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்க்கும்போது அப்படித் தெரியவில்லை. வலி சில மணி நேரத்தில் அடங்கிவிட்டது. காய்ச்சல் பற்றி எதுவும் எழுதவில்லை, கண் மஞ்சளானதாகவும் எழுதவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குப் பொதுவாக நாள் குறித்து ஆறுதலாகச் செய்யும் ஒப்பரேஷன்தான் இது. இதற்கிடையில் குளிர் காய்ச்சல், கண் மஞ்சளாவது, நிற்காத வாந்தி, அடங்காத வலி, இதில் ஏதாவது ஒன்று வந்தால் திகதியையும் பார்க்காதீர்கள், வட்ஸ்அப்பையும் பார்க்காதீர்கள். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய ஆம்புலன்ஸ் வண்டிக்குக் காசு இல்லை. நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் அந்த நான்கரை இலட்சம் எதன் விலை? ஒப்பரேஷன் ஒன்றுதான். செய்யப்போகிறவரும் அனேகமாகக் காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாலையில் அங்கே வருகிற ஒருவராகத்தான் இருப்பார். நீங்கள் வாங்குவது ஐந்து மாதத்தை. கூடவே தனி அறை, ஏசி, பார்க்க வருகிறவர்கள் இருக்க ஒரு கதிரை. அந்த ஐந்து மாதத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். இடையில் பித்தப்பை அழற்சி வரலாம், கல் நகர்ந்து கணையத்தைப் பாதித்தால் ஆபத்து. ஆனால் நாட்களைக் குறைக்கத் தாலிக்கொடி மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள்.

உங்களுக்குத் தந்த திகதி அனேகமாக முதல் தடவை வலி வந்ததை வைத்துத் தந்ததாக இருக்கும். இரண்டாவது தடவை வலி வந்தது அந்தக் கிளினிக்குக்குத் தெரிந்திராது. கொடுத்த நாள்வரை காத்திருக்காமல் அடுத்த கிளினிக் நாளிலேயே கொப்பியையும் ஸ்கான் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு போங்கள். போன கிழமை எங்காவது ஊசி போட்டிருந்தால் அந்தத் துண்டையும் கொண்டுபோங்கள். "மறுபடி வந்தது, சீனியும் இருக்கிறது, முன்னுக்கு எடுக்க முடியுமா?" என்று வைத்தியரிடம் நேரே கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். கேட்காதவர்களின் கொப்பி அடியில்தான் கிடக்கும். அங்கே பெரிய எரிச்சல் ஒன்று உண்டு, நம்மவர்கள் அடிக்கடி எழுதுவதுதான்: இலக்கத்தைச் சிங்களத்தில் மட்டும் கூப்பிடுவார்கள். காலை ஆறு மணிக்கே வந்து வாங்கில் இருந்தவர், தன் இலக்கம் போனது தெரியாமல் பதினொரு மணிவரை இருந்ததை நானே கண்டிருக்கிறேன். அம்மாவைத் தனியே அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. சீனியைக் கட்டுக்குள் கொண்டுவராமல் எந்த மயக்க மருந்து நிபுணரும் விரும்பிக் கை வைக்கமாட்டார். அதற்கே சில கிழமை பிடிக்கும். அடுத்த கிழமையே செய்யலாம் என்றவர்கள் அம்மாவின் சீனி அளவைக் கேட்டார்களா?

சரி, இப்போது அண்ணா.

லேசர் கண் சிகிச்சை பற்றி அவர் சொல்வதை நான் ஒத்துக்கொள்கிறேன். அது அவசரம் இல்லாதது. நாலு இடத்தில் விலை கேட்கலாம், அடுத்த வருடம் பார்ப்போம் என்று தள்ளலாம், கண்ணாடியே போதும் என்று விட்டும்விடலாம். வாங்குகிறவர் எழுந்து போகக்கூடிய இடத்தில் விலை ஒழுங்காக நடந்துகொள்ளும். வெள்ளவத்தையில் காலி வீதி நெடுக மூக்குக்கண்ணாடிக் கடைகள் இருக்கின்றன. ஒரு கடையில் பிரேமைக் கையில் வைத்துக்கொண்டு "முன்கடையில் குறைத்துச் சொன்னார்களே" என்று சொல்லிப் பாருங்கள். பல் கட்டுவது, சாதாரண இரத்தப் பரிசோதனை, ஸ்கான் எல்லாம் கொழும்பில் ஏறத்தாழ இதே மாதிரிதான். இவற்றையெல்லாம் அரசாங்கம்தான் தரவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன்.

ஆனால் போன வருடம் என் மைத்துனர் ஒருவரின் பில்லைப் பார்க்க நேர்ந்தது. குடலிறக்க ஒப்பரேஷன், இரண்டு இரவு தங்கல், ஒன்பது பக்கம் பில். மூன்றாம் பக்கத்தில் கையுறை 38 சோடி. அதற்குக் கீழே பஞ்சு, பிளாஸ்திரி, ஊசிக்குழல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பிறகு தியேட்டர் மணிக்கணக்கு, தாதியர் கட்டணம், வைத்தியர் கட்டணம், மயக்க மருந்து நிபுணர் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேலே ஆஸ்பத்திரிக் கட்டணம். நாற்பது வருடம் தியேட்டரில் நின்றவன் நான், எனக்கே பாதி வரி ஏன் என்று விளங்கவில்லை. முதலில் சொன்ன தொகைக்கும் கடைசியில் வந்த தொகைக்கும் நடுவே ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். 38 சோடி கையுறையை மைத்துனரா கேட்டு வாங்கினார்? அவர் மயக்கத்தில் கிடந்தார். எது தேவை என்று சொல்கிறவரும் விற்கிறவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, வாங்குகிறவர் படுத்துக் கிடக்கும்போது, போட்டி யாருக்கும் யாருக்கும் நடுவே நடக்கிறது? அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் அரோ 1963 இலேயே இதைத்தான் எடுத்துக்காட்டினார்: வைத்தியத்தில் நோயாளிக்கும் வைத்தியருக்கும் தெரிந்தது சமமில்லை, எப்போது தேவைப்படும் என்பதும் தெரியாது, அதனால் மற்றச் சாமான்களின் கணக்கு இங்கே சரிவராது. அவர் சந்தைக்கு எதிரி இல்லை. பின்னாளில் பொருளியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர்.

அண்ணா சொல்கிற மாதிரி மூடிவிட்டால் என்ன ஆகும்? இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு இராத்திரி ஞாபகத்துக்கு வரும். நான் அப்போது ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் இரவுக் கடமையில் இருந்தேன். இரண்டு மணி இருக்கும், தனியார் ஆம்புலன்ஸ் ஒன்று வந்தது. உள்ளே சுவாசக் கருவியோடு ஒரு முதியவர். கூடவே மகன், கையில் பிளாஸ்டிக் ஃபைல், அதில் பதினொரு நாள் பில். பன்னிரண்டாம் நாளுக்கு முற்பணம் கட்ட முடியவில்லை, அதனால் இங்கே. கட்டிலுக்கு அலைந்து ஒருவரை நகர்த்தி இடம் பிடித்தோம். இது என்றாவது ஒரு நாள் நடக்கிற சங்கதி இல்லை, அரசாங்க அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தனியார் துறை தைரியமாக வியாபாரம் செய்வதே பின்னால் இந்தக் கட்டில் இருப்பதால்தான். பணம் தீர்ந்தாலும் நோய் சிக்கலானாலும் அனுப்ப ஓர் இடம் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் வைத்தியர்களில் பெரும்பாலானவர்களைப் படிப்பித்ததும் அரசாங்கக் காசு.

விலையும் அப்படித்தான். தனியார் ஆஸ்பத்திரிகளைப் பதிந்து மேற்பார்க்க 2006 இல் ஒரு சட்டம் வந்தது, அதன் கீழ் ஒரு சபையும் இருக்கிறது. ஆனால் உங்களிடம் நான்கரை இலட்சம் சொன்னவர்கள் ஒன்பது இலட்சம் சொல்லாததற்குக் காரணம் அந்தச் சபை இல்லை. ஒன்பது என்றால் நீங்கள் எழுந்து பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுவீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கொழும்பில் தனியார் வைத்தியத்துக்கு உண்மையான போட்டியாளர் பக்கத்து வீதித் தனியார் ஆஸ்பத்திரி இல்லை, காசு வாங்காத அந்த இரும்புக் கட்டில்தான். இந்த நாட்டில் ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அரசாங்க வார்டுகளில்தான் இருக்கிறார்கள். அதை மூடிவிட்டு விலை இறங்கும் என்பது, சந்தையில் மிக மலிவாக விற்கிற கடையைப் பூட்டிவிட்டு மரக்கறி மலியும் என்பது போல.

காப்புறுதி எடுக்கலாமே என்றும் அண்ணா சொல்லக்கூடும். 62 வயது, சீனி, பித்தப்பையில் கல். இப்போது புதிதாகக் காப்புறுதிக்குப் போனால் "ஏற்கனவே உள்ள நோய்" என்று அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு மற்றதற்குத்தான் பத்திரம் எழுதுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, எரிகிற வீட்டுக்கு யார் காப்புறுதி தருவார்? அம்மா மாதிரி ஆட்களுக்குத்தான் வைத்தியம் அதிகம் தேவை, அவர்களைத்தான் சந்தை முதலில் தள்ளி வைக்கிறது.

அப்புறம் ஒரு சின்னக் குறும்பு. அண்ணாவுக்குப் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் பிறந்தபோது டொரொண்டோ ஆஸ்பத்திரியில் எவ்வளவு கட்டினார் என்று குழுவில் கேளுங்கள். வாகனம் நிறுத்திய காசைத் தவிர வேறு பெரிதாக ஞாபகம் வராது. கனடாவில் அது சும்மா வந்துவிடவில்லை. சஸ்காச்சுவான் மாகாணத்தில் 1947 இல் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அரசாங்கக் காப்புறுதி தொடங்கியது; 1962 இல் வைத்தியர் கட்டணத்துக்கும் அது தொடங்கியபோது, அங்கேயிருந்த வைத்தியர்கள் மூன்று கிழமைக்கு மேல் வேலைநிறுத்தமே செய்தார்கள். 1984 இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், காப்புறுதிக்குள் வரும் சிகிச்சைக்கு நோயாளியிடம் மேலதிகமாகக் காசு வாங்கவிட்டால் அந்த மாகாணத்துக்கு மத்திய அரசு தரும் பணத்தில் வெட்டு விழும் என்றது. அங்கேயும் நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அண்ணாவின் எரிச்சல் ஒருவேளை அங்கேதான் தொடங்கியிருக்கும். அது நியாயமான எரிச்சல்.

மாமாவுக்கும் சொல்ல இருக்கிறது. அவர் பேசுவதைக் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நம்முடைய இலவசம் அவ்வளவு இலவசமும் இல்லை. நாட்டின் மொத்த வைத்தியச் செலவில் பாதிக்குக் கிட்ட மக்கள் தங்கள் கையாலேயே கட்டுகிறார்கள். "இந்த மருந்து இங்கே இல்லை, வெளியே வாங்குங்கள்" என்று எழுதித் தரும் துண்டு, வெளியே எடுக்கச் சொல்லும் இரத்தப் பரிசோதனை, மாலையில் நிபுணரைத் தனியாகப் பார்க்கச் சனல் பண்ணும் காசு, எல்லாம் சேர்ந்ததுதான் அது.

அந்தச் சனல் கதையில் நானும் ஒரு குற்றவாளி. 1977 இல் அரசாங்க வைத்தியர்களுக்குக் கடமை நேரத்துக்குப் பிறகு தனியாகப் பார்க்க அனுமதி கிடைத்தது. எனக்கு முன்னே இருந்தவர்களும் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். பிள்ளைகளைப் படிப்பித்தது அந்தக் காசுதான். மாலையில் காசு கட்டி வந்து என் முன்னே இருந்தவருக்கு, "நாளைக்குக் காலையில் வார்டுக்கு வாருங்கள்" என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் அடுத்த கிழமை என் பட்டியலில் ஏறினார். அதே நேரம் கிராண்ட்பாஸிலிருந்து பஸ்ஸில் வந்து, கிளினிக் வாங்கில் இருந்து, நாலு மாதம் தள்ளித் திகதி வாங்கிப் போன ஒரு அம்மாள் இருந்தார். பட்டியலில் யாரோ ஏறினால் யாரோ இறங்கத்தான் வேண்டும். எனக்கு அது அப்போதே தெரியும். அந்த வரிசைக்கும் விலை இருந்தது, பலகையில் எழுதிப் போடவில்லை, அவ்வளவுதான். வெளிப்படையான விலையைவிட இந்த ஒளித்த விலைதான் மோசம் என்பது என் கட்சி. ஒவ்வொரு கிளினிக்கும் தன் காத்திருப்புப் பட்டியலை, பெயர் இல்லாமல் இலக்கமும் திகதியும் மட்டும் போட்டு, மூன்று மொழியிலும் சுவரில் ஒட்டினால் போதும், என்னைப் போன்றவர்களின் கை தானாகக் கட்டுப்படும்.

மாமா இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 1971 இல் மருந்தியல் பேராசிரியர் செனக பிபிலேயின் முயற்சியில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கி, மருந்தை மொத்தமாக ஒரே இடத்தில் கேள்வி கோரி வாங்கியபோது விலை இறங்கியது. அதன் மருந்துக்கடையான ஒசுசலவில் நாம் இன்றும் வாங்கும் மருந்துக்குப் பின்னால் இருப்பது அந்த வேலைதான். 2016 இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வைத்தார்கள், அதுவும் நல்லதே. ஆனால் 2022 இல் சில கிழமைக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, பழைய உச்ச விலையில் எந்த இறக்குமதியாளர் கப்பலுக்குச் சொல்வார்? அலுமாரி வெறிச்சோடியது. ஒரு போதனா வைத்தியசாலையில் மருந்து இல்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளையே நிறுத்தினார்கள். பிறகு விலையை உயர்த்தித்தான் மருந்தைக் கொண்டுவர முடிந்தது. கட்டளை போட்டு விலையைப் பிடித்து வைக்கலாம், மருந்தைப் பிடித்து வைக்க முடியாது.

ஆனாலும் கட்டணம் என்று வரும்போது நான் மாமாவின் பக்கம்தான். 1951 இல் இங்கே ஆஸ்பத்திரிக் கட்டணங்கள் நீக்கப்பட்டன. 1971 இல் வெளிநோயாளர் பிரிவுக்கு மறுபடியும் ஒரு கட்டணம் வைத்தார்கள், சில சதம்தான். வருகிறவர்களின் எண்ணிக்கை சட்டென்று விழுந்தது, 1977 இல் எடுத்துவிட்டார்கள். அப்போது எனக்குப் பதினாறு வயது. எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு பாட்டி, காய்ச்சல் மூன்றாம் நாள் தாண்டினால் போவோம் என்று இருந்தார். அந்தச் சில சதம் அவரிடம் இருந்தது. இருந்தாலும், விலை ஒன்று வந்துவிட்டால் மனுஷன் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவான். தேவையில்லாமல் வருகிறவரை மட்டும் தடுக்கும் கட்டணத்தை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். தாலிக்கொடி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். முதலில் கிளினிக்கில் முன் திகதி கேளுங்கள். கிடைக்காவிட்டால், தனியாருக்குப் போகுமுன் கோட்டே பக்கம் ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலையில் ஒருமுறை விசாரியுங்கள். 1984 இல் ஜப்பான் கட்டித் தந்தது, அரசாங்கத்துக்குச் சொந்தம், ஆனால் கட்டணம் வாங்குவார்கள். அண்ணா தருகிற பாதி அங்கே எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கலாம். அதுவும் சரிவராமல் தனியார்தான் என்றால், வாயால் சொல்லும் தொகையை நம்பாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர் இருவரின் கட்டணமும் அதற்குள் வருகிறதா, எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பும் செலவு யாருடையது, துளை வழியே முடியாமல் வயிற்றைத் திறக்க நேர்ந்தால் எவ்வளவு கூடும், கல் பித்தக்குழாய்க்குள் இருந்தால் அதை எடுப்பது தனிக் கணக்கா. இந்த நாலுக்கும் பதில் தராத இடத்தில் அம்மாவைப் படுக்க வைக்காதீர்கள்.

அண்ணா அனுப்பும் காசில் இப்போதைக்கு ஒரு நல்ல சீனி மானியும் அதற்குரிய பட்டிகளும் வாங்குங்கள். பொரித்ததையும் இறைச்சிக் கொழுப்பையும் குறைக்கச் சொல்லுங்கள். வலி வந்தால் எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு அடங்கியது என்று கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். முன் திகதி கேட்கும்போது வைத்தியர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.